மூன்றாவது ஏவலுக்குப் பிறகு

பேங்க்கில் பகலெல்லாம் அடுத்தவன் பணத்தை எண்ணிவிட்டு, ராத்திரியில் மகளுக்குக் கதை வாசிக்கிறவன் நான். நாலாவது படிக்கிறாள். எல். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய ஓஸ் மந்திரவாதிக் கதையை இங்கிலீஷில் படித்து, நம்ம பேச்சில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

கான்சாஸ் சிறுமி டோரதியைச் சூறாவளி வீட்டோடு தூக்கி வேறொரு நாட்டில் போடுகிறது. ஊர் திரும்ப வழி தேடி மஞ்சள் செங்கல் பாதையில் நடக்கிறாள். மூளை கேட்டு ஒரு சோளக்கொல்லைப் பொம்மை, இதயம் கேட்டு ஒரு தகர மரவெட்டி, தைரியம் கேட்டு ஒரு சிங்கம் கூடச் சேர்கிறார்கள். ஒருத்தருக்கு ஆபத்தென்றால் மற்றவர்கள் முன்னே நிற்கிறார்கள். நட்பின் கதை. எனக்கும் பிடித்த கதைதான்.

ஆனால் நடந்தே முழுப் பயணமும் முடியவில்லை. சிறகுக் குரங்குகள் சுமக்கிறார்கள். 1939இல் வந்த சினிமாவில் அவர்கள் சூனியக்காரியின் வெறும் அடியாட்கள். புத்தகத்தில் அவர்களுக்கு ஒரு வரலாறு உண்டு. டோரதியைச் சுமந்து பறந்துகொண்டே குரங்கு ராஜா அதைச் சொல்கிறார். காட்டில் எசமான் இல்லாமல் வாழ்ந்த கூட்டம். தாத்தா காலத்தில் விளையாட்டுக்கு ஒருத்தனை ஆற்றில் தள்ளிவிட்டார்கள். அவனைக் கட்டிக்கொள்ள இருந்த இளவரசி, மொத்தக் கூட்டத்தையும் ஒரு தங்கத் தொப்பிக்கு அடிமையாக்கிவிட்டாள். தொப்பி யார் கையில் இருக்கிறதோ அவர் மூன்று முறை ஏவலாம். தாத்தா செய்த குறும்புக்குப் பேரனும் சுமக்கணும். பிறப்பிலேயே வந்து சேரும் தண்டனை. நமக்குப் புதுசா இது?

மகள் நிறுத்தினாள். "ஏம்ப்பா, அதான் எல்லாத்தையும் கேட்டுட்டால்ல? தொப்பியைக் குரங்குகிட்டயே குடுத்துற வேண்டியதுதானே?"

டோரதி கொடுக்கவில்லை. இன்னும் இரண்டு முறை ஏவுகிறாள். அவள் கெட்டவளில்லை. அவளுக்கு வேலை பாக்கியிருந்தது, அவ்வளவுதான். பிறகு தொப்பி நல்ல சூனியக்காரி கிளிண்டாவிடம் போகிறது. அவளும் மூன்று நண்பர்களையும் அவரவர் இடத்தில் சேர்க்க மூன்று முறை ஏவிவிட்டுத்தான் தொப்பியைக் குரங்கு ராஜாவிடம் தருகிறாள். விடுதலை வந்தது. எல்லாருடைய வேலையும் முடிந்த பிறகு வந்தது.

எழுதியவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1890இல் தெற்கு டகோட்டாவின் அபர்டீன் ஊரில் பாம் ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். டிசம்பர் 15இல் லகோட்டா தலைவர் சிட்டிங் புல் கொல்லப்பட்டார். மிச்சமிருக்கும் பூர்வகுடிகளை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று பாம் தலையங்கம் எழுதினார். டிசம்பர் 29இல் வூண்டட் நீயில் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் ராணுவம் லகோட்டா மக்களைக் கொன்று குவித்தது. 1891 ஜனவரியில் அதையே திரும்பவும் எழுதினார். 2006இல் அவருடைய வம்சாவளியினர் மன்னிப்புக் கேட்டார்கள். தகரத்துக்குள்ளும் வைக்கோலுக்குள்ளும் தோழனைக் கண்டவருக்கு, பக்கத்தில் வாழ்ந்த மனுசன் கண்ணில் படவில்லை.

அதற்காகப் புத்தகத்தைக் கொளுத்தணுமா? வேண்டாம். என் மகளுக்கு அந்தக் கேள்வியைக் கொடுத்ததே இந்தப் புத்தகம்தான். எழுதியவனையும் மீறிக் குரங்கு ராஜா பேசிவிட்டார். பிரதியை அவர் தோளிலிருந்து வாசிப்போம்.

நம்ம பக்கமும் திரும்பிப் பார்ப்போம். ஒருத்தரையொருத்தர் தோழர் என்கிறோம். ராத்திரி முழுக்கப் போஸ்டர் ஒட்டுகிறவர், கூட்டத்துக்குச் சோறு பொங்குகிற பெண்கள், நாற்காலி அடுக்குகிற பையன், இவர்கள் எப்போது மேடையில் பேசினார்கள்? "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் தோழர்" என்று நானே சொல்லியிருக்கிறேன். அப்போது என் தலையில் இருந்ததும் அந்தத் தொப்பிதான்.

மூன்று ஏவலும் தீர்ந்தபின் தருவதற்குப் பெயர் தயவு. கதையைக் கேட்ட அன்றைக்கே கழற்றிக் கொடுத்தால்தான் அது தோழமை.