நடமாட்டம் குறைந்தோரின் வீடுகளில் சிறு மாற்றங்கள் செய்ய உதவுமாறு கோரும் மனு

அரசாங்க அதிபர் / மாவட்டச் செயலாளர்,
மாவட்டச் செயலகம்,
யாழ்ப்பாணம்.

பணிப்பாளர்,
சமூக சேவைகள் திணைக்களம்,
வடக்கு மாகாணம்.

பிரதிகள்: யாழ். மாவட்டப் பிரதேச செயலாளர்கள், உள்ளூராட்சி மன்றத் தவிசாளர்கள், தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் மாவட்ட முகாமையாளர்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

விடயம்: வீட்டுக்குள் பிறர் துணையின்றி நடமாடுவதற்கான சிறு கட்டுமான வேலைகளுக்குத் தனி ஒதுக்கீடு

வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய நான்கு பகுதிகளிலும் எமது சங்கத்துக்கு அங்கத்தவர்கள் உள்ளனர். போரில் காலை இழந்தவர்கள், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள், பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்தவர்கள், வயது போனதால் முழங்கால் மடக்க முடியாதவர்கள் எனப் பல வகையினர் இதில் அடங்குவர். நாம் இம்மனுவில் புது வீடு கேட்கவில்லை. இருக்கிற வீட்டில் ஒரு சாய்தளம், இரண்டு கைபிடிகள், ஒரு கமோட், அகலமான ஒரு கதவு ஆகியவற்றையே கேட்கிறோம்.

இன்று நடைமுறையில் உள்ள உதவிகள் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். ஒன்று முழு வீடு. மற்றது சக்கர நாற்காலி. வீட்டுக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சக்கர நாற்காலி விரைவாகக் கிடைக்கிறது, வழங்கும் நாளில் படமும் எடுக்கிறார்கள். ஆனால் அது விறாந்தைப் படியோடு நின்றுவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேலையை எந்தத் தலைப்பில் கேட்பது என்று எமது அங்கத்தவர்களுக்கும் தெரியவில்லை, விண்ணப்பத்தை வாங்கும் உத்தியோகத்தருக்கும் தெரியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் எமது உரிமைகளைப் பாதுகாக்கிறது. அதன் கீழ் 2006 ஒக்டோபர் 17ஆம் திகதி 1467/15 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் வெளியாகின. அவற்றை நடைமுறைப்படுத்தக் கோரி, தாமே சக்கர நாற்காலியில் இருந்த கலாநிதி அஜித் பெரேரா உயர்நீதிமன்றம் சென்று, 2011 ஏப்ரல் 27ஆம் திகதி சாதகமான தீர்ப்பைப் பெற்றார். ஆயினும் அவ்விதிகள் பொதுமக்கள் வந்துபோகும் கட்டிடங்களைப் பற்றியவை. வங்கிக்குள் நுழைய வழி கிடைத்தவருக்குத் தனது மலசலகூடத்துக்குள் நுழைய வழியில்லை. 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 19ஆவது உறுப்புரை, பிறரைச் சாராது சமூகத்தில் வாழும் உரிமையைப் பேசுகிறது. அந்த உரிமை வீட்டுப் படியில்தான் தொடங்குகிறது என்பதே எமது நிலைப்பாடு.

குடாநாட்டு வீடுகளின் அமைப்பைத் தாங்கள் அறிவீர்கள். மாரி வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை உயர்த்திக் கட்டுகிறோம். 2008 நவம்பரில் ‘நிஷா’ புயல் கொட்டிய மழையைக் கண்டவர்கள் அதைத் தாழ்த்தச் சொல்ல மாட்டார்கள், நாமும் சொல்லவில்லை. வீதிகள் காப்பெற் போட்டு உயர்ந்துவிட்டதால் பல ஒழுங்கைகளில் வீதியிலிருந்து படலைக்கு ஒரு இறக்கம், முற்றத்திலிருந்து விறாந்தைக்கு ஒரு ஏற்றம். கிணறு ஒரு மூலையில், மலசலகூடம் வளவின் மறுமூலையில். எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் மலக்குழியின் கழிவு கிணற்றுக்கு இலகுவில் இறங்கிவிடும் என்பதால் அந்தத் தூரம் அவசியம். ஆனால் தூரத்தில் இருக்க வேண்டியது குழியே தவிரக் கூடம் அல்ல. கூடத்தை வீட்டுச் சுவரோடு அமைத்து, போதிய சரிவுடன் பைப் போட்டுக் குழியைத் தள்ளி வைக்கலாம். இதை நன்கு விளக்கிச் சொல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இருக்கிறார்கள். செலவைக் கேட்டுத்தான் வீட்டுக்காரர் பின்வாங்குகிறார்.

தென்மராட்சியில் தனியே வாழும் எமது அங்கத்தவரான மூதாட்டி ஒருவர், குசினிக் கதவிலிருந்து மலசலகூடம் வரை நைலோன் கயிறு கட்டி வைத்திருக்கிறார். இடையில் ஒரு முருங்கை, பிறகு ஒரு இரும்புத் தூண். கயிற்றைப் பிடித்தபடி போய், கதவைத் தன் பக்கம் இழுத்துத் திறந்து, நிலைக்கட்டையைப் பிடித்து இறங்குகிறார். உள்ளே குந்தும் பேசின். எழும்புவதற்குப் பிடிக்க இருப்பது தண்ணீர்க் குழாய் ஒன்றே. அது ஏற்கெனவே ஆடத் தொடங்கிவிட்டது. கயிற்றுக்குப் பதில் ஒன்றரை அங்குல ஜீ.ஐ. பைப்பும், மண்ணுக்குப் பதில் மூன்றடி அகலச் சீமெந்துப் பாதையும், குந்தும் பேசினுக்குப் பதில் பதினெட்டு அங்குல உயரக் கமோட்டும், அதன் இரு பக்கமும் கைபிடியும் வைப்பதற்கு ஒரு மேசனும் வெல்டிங்காரரும் சில நாள் வேலை செய்தால் போதும்.

காலை இழந்தவர்களின் நிலையை இங்கு சற்று விளக்க வேண்டும். 1987 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கிவரும் ஜெய்ப்பூர் நிலையம் எம்மவர் பலரை மீண்டும் எழுந்து நடக்க வைத்தது. அங்கு பொருத்தும் ஜெய்ப்பூர் செயற்கைக் கால் எமது வாழ்க்கைமுறைக்கு ஏற்றது. வெறுங்காலோடு நடக்கலாம், குந்தவும் இடம் தரும். ஆனால் முழங்காலுக்கு மேலே இழந்தவருக்குக் குந்தி எழுவது இன்றும் பெரும்பாடு. மேலும், இரவில் அந்தக் காலைக் கழற்றி வைத்துவிட்டே எல்லோரும் படுக்கிறார்கள். நள்ளிரவில் எழும்பினால் ஊன்றுகோல் அல்லது தவழல்தான். பகலில் அவர் நடப்பதைப் பார்த்து “இவருக்கு வசதி தேவையில்லை” என்று எழுதிவிட்டுப் போகும் மதிப்பீடு பாதி உண்மையையே பார்க்கிறது. எனவே, படுக்கையிலிருந்து மலசலகூடம் வரையான வழியை மதிப்பீட்டுப் படிவத்தில் தனியாகக் கேட்க வேண்டும்.

சாய்தளம் பற்றியும் ஒரு முறைப்பாடு உண்டு. ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது எங்கும் ஏற்கப்பட்ட கணக்கு. ஒன்றரை அடி அத்திவாரத்துக்குப் பதினெட்டு அடி வேண்டும். முற்றம் சிறிதென்றால் இடையில் ஐந்தடிச் சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம். வலிகாமத்தில் எமது அங்கத்தவர் ஒருவருக்கு நன்கொடையில் கட்டிக் கொடுக்கப்பட்ட சாய்தளம் ஆறடி. பெயர்ப்பலகையும் உண்டு. அதில் அவர் ஏற முயன்று பின்னால் சரிந்தார். இப்போது அவ்வழியால் தம்பியாரின் மோட்டார் சைக்கிள் விறாந்தைக்கு ஏறுகிறது. அளவு தெரியாமல் கட்டியது செலவும் ஆயிற்று, ஆபத்தும் ஆயிற்று.

இவற்றை முன்னிட்டு நாம் கோருவன:

முதலாவதும் முக்கியமானதும், வீட்டுச் சிறு மாற்றங்களுக்கென மாகாண, மாவட்ட ஒதுக்கீடுகளில் தனித் தலைப்பு ஒன்று வேண்டும். புதிய வீட்டுத் திட்டத்தின் வரிசையோடு இதைச் சேர்க்கக் கூடாது. மாவட்டத்தின் 435 கிராம அலுவலர் பிரிவுகளிலும் பிரிவுக்கு ஒரு வீடு என முதல் ஆண்டில் தொடங்கினாலே 435 குடும்பங்கள் பயன்பெறும். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டதை நன்றியுடன் வரவேற்கிறோம். எனினும் அது சாப்பாட்டுக்கும் மருந்துக்குமே சரியாகிவிடுகிறது. அதில் மிச்சம் பிடித்து மலசலகூடம் திருத்தச் சொல்வது நியாயமில்லை. பணம் வழங்கும் முறைக்கு முன்மாதிரி எம்மிடமே இருக்கிறது. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் 550,000 ரூபா மானியம் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு, வேலை முன்னேற முன்னேறக் கட்டம் கட்டமாக வந்தது. வீட்டுக்காரரே நின்று கட்டினார். சிறு வேலைக்கும் அதே முறை போதும்.

காணி உறுதி கேட்பதைத் தளர்த்துமாறு இரண்டாவதாக வேண்டுகிறோம். எமது முதிய அங்கத்தவர்கள் பலர் குடியிருப்பது லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் பிள்ளையின் பெயரில் உள்ள வீட்டில். சிலர் சீதனமாக எழுதிய வீட்டில் மகளோடு இருக்கிறார்கள். உறுதி கையில் இல்லை என்பதால் அவர்களது முழங்கால் நலமாகிவிடாது. உரித்தாளரின் சம்மதக் கடிதமும் கிராம அலுவலரின் வதிவிட உறுதிப்படுத்தலும் ஏற்கப்பட வேண்டும். பிரித்தானியாவின் உள்ளூராட்சி சபைகள் மாற்றுத்திறனாளிகளின் வீட்டைத் திருத்த வழங்கும் மானியம் இங்கிலாந்தில் 30,000 பவுண் வரை செல்கிறது. வாடகைக்கு இருப்பவரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். லண்டனில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தியல்ல.

கட்டுமுன் அளக்க வேண்டும். இயன்மருத்துவர் அல்லது தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரும் தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவரும் ஒன்றாக வீட்டுக்கு வந்து, பயன்படுத்தப் போகிறவரை அதே இடத்தில் இருத்தி எழுப்பிப் பார்த்து அளவெடுக்கட்டும். கைபிடியின் உயரம் அவரவர் உடம்பைப் பொறுத்தது. இடது பக்கம் விழுந்தவருக்கு இடது சுவரில் கைபிடி வைப்பதால் பயனில்லை. வைத்தியசாலையிலிருந்து முள்ளந்தண்டு நோயாளரை வீட்டுக்கு அனுப்புமுன் இந்த வருகை நடக்க வேண்டும். வீடு தயாராகாமல் போனவர் கட்டிலிலேயே கிடந்து, படுக்கைப்புண்ணோடு திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பிரதேசத்துக்கு இரண்டு மூன்று மேசன்மாருக்கும் வெல்டிங் தொழிலாளருக்கும் குறுகிய பயிற்சி கொடுத்து, கதவின் திறந்த இடைவெளி 32 அங்குலம், சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி, மலசலகூடக் கதவு வெளிப்பக்கம் திறத்தல், கிணற்றடியில் வழுக்காத கோடு போட்ட சீமெந்தும் இருந்து குளிக்க ஒரு குந்தும் போன்ற அளவுகளைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுக்கவும் வேண்டுகிறோம். இனிவரும் அரச வீட்டுத் திட்ட வரைபடங்களில் இவ்வளவுகளை முதலிலேயே சேர்த்துவிட்டால் பின்னர் சுவர் உடைக்கத் தேவையில்லை. வீதி உயர்த்தும்போது படலைக்கு முன்னுள்ள வாய்க்காலுக்கு மேல் சரிவான மூடுபலகை போடுவதை உள்ளூராட்சி மன்றங்கள் மதிப்பீட்டிலேயே உள்ளடக்க வேண்டும்.

இக்கோரிக்கைகளைப் பற்றிப் பேச அடுத்த மாதத்துக்குள் ஒரு சந்திப்புக்கு நேரம் ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறோம். சமூக சேவை உத்தியோகத்தர்களும் தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவரும் சமூகமளித்தால் உதவியாக இருக்கும். எமது தரப்பில் வருபவர்களில் மூவர் சக்கர நாற்காலியில் இருப்பதால், சந்திப்பைக் கீழ்த்தளத்தில் ஒழுங்கு செய்யுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,

தலைவர்          செயலாளர்          பொருளாளர்