பள்ளத்துக்கு நம்பர் பிளேட்டு இல்லை!

எங்கள் தெருவில் ஒரு பள்ளம் இருக்கிறது. 8 அடி நீளம், 3 அடி அகலம், இடுப்பளவு ஆழம். இன்றோடு அதற்கு வயது 63 நாள்.

வட சென்னையில் பள்ளம் இருப்பது ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். நியாயம்தான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளம் செய்தி ஆகாது. அதில் ஆள் விழுந்தால்தான் செய்தி. அதுவும் 4 வரி.

அந்த 4 வரியை எழுதிய பாவி நானேதான். அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

மஞ்சள் மெஷின்

63 நாளைக்கு முன்பு ஒரு காலை நேரம். மஞ்சள் கலர் மெஷின் ஒன்று தெருவுக்குள் வந்தது. கூடவே ஒரு மேஸ்திரி, 4 ஆட்கள். டீ குடித்தார்கள். தோண்டினார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "நாளைக்கு வர்றோம்" என்றார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

தோண்டியது தப்பு என்று நான் சொல்லவில்லை. குழாயில் சாக்கடை வாடை வருகிறது என்று காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்ததே எங்கள் தெருப் பெண்கள்தான்.

ரோட்டுக்கு அடியில் என்ன இல்லை? குடிதண்ணீர் குழாய், சாக்கடைக் குழாய், மழைநீர் கால்வாய், கரண்டு கேபிள், டெலிபோன் கேபிள். எல்லாம் ஒண்டுக்குடித்தனம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்றால் தோண்டித்தான் பார்க்க வேண்டும். தோண்டட்டும். ஆனால் மூட வேண்டாமா?

ஆயாவின் புடவை

இரண்டாம் நாளே எதிர்வீட்டுக்காரர் முருங்கைக் கிளையை ஒடித்துப் பள்ளத்தின் ஓரத்தில் நட்டார். அதை ஆடு தின்றுவிட்டது. அடுத்தது, கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலி. பழைய சாமான் வாங்குகிறவர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் ஒரு லாரி டயர். அதைப் பையன்கள் உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கடைசியில் இட்லிக்கடை ஆயா தன் சிவப்புப் புடவை ஒன்றைக் கிழித்து, நாலு பக்கமும் குச்சி நட்டுக் கட்டிவிட்டது.

"இன்னா ஆயா, நல்ல புடவையைப் போய் கிழிச்சிட்டியே?" என்றேன்.

"புடவை கிழிஞ்சா தெச்சுக்கலாம் கண்ணு. மண்டை கிழிஞ்சா யாரு தெச்சுக் குடுப்பாங்க?" என்றது ஆயா.

9-ம் நாள் புகார் நம்பருக்குப் போன் போட்டோம். மரியாதையாகத்தான் பேசினார்கள். புகார் எண்ணும் கொடுத்தார்கள். 12-ம் நாள் செல்போனில் மெசேஜ் வந்தது. தங்கள் புகார் சரி செய்யப்பட்டது என்று! பள்ளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டுதான் அதைப் படித்தோம். சிரிப்பதா, அழுவதா?

23-ம் நாள்

முந்தின ராத்திரி நல்ல மழை. கரண்டு போய்விட்டது. பள்ளம் நிரம்பி, தண்ணீர் ரோட்டுக்குச் சமமாக நின்றது. ஆயாவின் புடவை நனைந்து தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. ரோடு எது, பள்ளம் எது என்று பகலிலேயே தெரியாது. விடியற்காலை நாலரை மணிக்கு எப்படித் தெரியும்?

பால் பாக்கெட் போடும் அண்ணன் அந்த நேரத்துக்குத்தான் மொபெட்டில் வருவார். முன்னால் ஒரு டப், பின்னால் ஒரு டப். 'டமார்' என்று சத்தம். ஆயாதான் முதலில் ஓடியது. மொபெட் மேலே, அண்ணன் கீழே. வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. 108 வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

சேற்றுத் தண்ணீரில் மிதந்த பாக்கெட்டுகளில் உடையாததை எல்லாம் ஆயா பொறுக்கிக் கழுவி, வாடிக்கை வீடுகளுக்குப் போட்டு, வந்த காசை அந்த அண்ணன் சம்சாரத்திடம் கொடுத்தது.

இதெல்லாம் சாயந்திரம் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். காலையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா?

நான் எழுதிய 4 வரி

மாலைப் பத்திரிகைக்குப் பகல் 12 மணிக்குள் மேட்டர் போயாக வேண்டும். காலையில் ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போன் போட்டு, "ஏட்டய்யா, ஏதாவது இருக்கா?" என்று கேட்பது என் வேலை. அன்றைக்கு ஒரு செயின் பறிப்பு, ஒரு குடிபோதை அடிதடி, ஒரு சைக்கிள் திருட்டு. கடைசியாக, "பால் வியாபாரி ஒருத்தர், மொபெட்டுல போகும்போது நிலைதடுமாறி விழுந்து காலு போச்சு. எழுதிக்கோ" என்றார்.

எழுதினேன். எந்தத் தெரு என்றுகூடக் கேட்கவில்லை. 'மொபெட்டில் சென்ற பால் வியாபாரி நிலைதடுமாறி விழுந்தார். அவரது கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். போலீசார் விசாரித்து வருகிறார்கள்.' முடிந்தது செய்தி. அதில் பள்ளம் என்ற வார்த்தையே இல்லை.

இரண்டு நாள் கழித்து அந்த அண்ணன் சம்சாரம் என்னை வழியில் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, நிலைதடுமாறின்னு போட்டிருக்கியே? எங்க வூட்டுக்காரரு குடிச்சிட்டு ஓட்டினாருன்னு பேசிக்கிறாங்க தம்பி. அவரு காபி கூட கடையில குடிக்க மாட்டாரு."

எனக்குப் பேச வாய் வரவில்லை. சப்-எடிட்டர் வெட்டிவிட்டார் என்று சொல்லலாம். பொய். அந்த வார்த்தை என் கையால் எழுதியதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் எத்தனை பேரை இப்படி 'நிலைதடுமாற' வைத்திருக்கிறேனோ, கணக்கில்லை.

விழுந்தவர் மேலேயே கேஸ்!

மறுநாள் அந்த அம்மாவோடு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டய்யா கெட்டவர் அல்ல. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"தம்பி, வண்டி ஓட்டினது யாரு? அவருதானே? பள்ளமா வண்டி ஓட்டிச்சு? கேசுன்னு எழுதினா அஜாக்கிரதையா ஓட்டினாருன்னு அவரு மேலதான் எழுதணும். வேணுமா, யோசிச்சுக்கோ" என்றார்.

கால் ஒடிந்து படுத்திருப்பவரே குற்றவாளி! அந்த அம்மா பயந்துபோய், "வேணாங்க" என்று எழுந்துவிட்டார்.

ஆனால் சட்டம் அப்படியா சொல்கிறது? 2024 ஜூலை 1-ந் தேதி முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 125-ம் பிரிவு இருக்கிறது. அஜாக்கிரதையான செயலால் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் குற்றம். வண்டி ஓட்டுவது மட்டும்தான் செயலா? இடுப்பளவு தோண்டிவிட்டு, ஒரு தடுப்புகூட வைக்காமல் போவதற்கு என்ன பெயர்?

அதே சட்டத்தில் 285-ம் பிரிவு. பொதுவழியில் ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாக்கினால் 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். புதுச் சட்டம் வந்த அன்றைக்கே டெல்லியில் இந்தப் பிரிவில் ஒரு கேஸ் போட்டார்கள். யார் மேல்? வழியில் கடை போட்ட ஒரு தெரு வியாபாரி மேல்! பிறகு அதைக் கைவிட்டார்கள். வியாபாரி மேல் பாய்கிற சட்டம், பள்ளத்தைக் கண்டால் ஏன் பதுங்குகிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 198-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. ரோட்டை உரிய தரத்தில் வைக்காமல் விட்டு, அதனால் ஆள் செத்தாலோ ஊனமானாலோ, பொறுப்பான ஆபீசுக்கும் காண்டிராக்டருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதை ஏட்டய்யாவிடம் சொன்னேன். "அப்படி ஒரு செக்ஷன் இருக்கா?" என்று சிரித்தார்.

நஷ்டஈடு? லாரி இடித்திருந்தால் அதன் நம்பரை வைத்து கோர்ட்டுக்குப் போகலாம், இன்ஷூரன்சில் கேட்கலாம். பள்ளத்துக்கு நம்பர் பிளேட்டு இல்லையே! ஆஸ்பத்திரியில் காசு வாங்கவில்லை. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கால் கூடும் வரை வீட்டு வாடகையை யார் கொடுப்பது?

இப்போது 10-வது படிக்கும் மகன்தான் விடியற்காலையில் சைக்கிளில் பால் போடுகிறான். அதே தெரு. அதே பள்ளம்.

மூன்று ஆபீஸ், ஒரு பள்ளம்

பள்ளம் யாருடையது என்று தெரிந்துகொள்ள மூன்று ஆபீஸ் ஏறி இறங்கினேன். பெயர் போடவில்லை. ஒன்றின் பெயரைப் போட்டால் மற்ற இரண்டும் தப்பித்துக்கொள்ளும்.

முதல் ஆபீசில், "ரோடு வெட்டுக்கான பணத்தை எல்லாம் கட்டியாச்சு. மேலே தார் போடுறது எங்க வேலை இல்லை" என்றார்கள்.

இரண்டாவது ஆபீசில், "பள்ளத்தை மண் போட்டு நிரப்பி எங்ககிட்ட ஒப்படைக்கட்டும். அப்புறம் ரோடு போடுறோம்" என்றார்கள்.

மூன்றாவது ஆபீசில், "அது எங்க பள்ளமே இல்லை சார். எங்க பள்ளம் அடுத்த தெருவுல இருக்கு" என்றார்கள். அடுத்த தெருவில் போய்ப் பார்த்தேன். நிஜம்தான். அங்கேயும் ஒன்று இருக்கிறது!

சூட்சுமம் இப்போது புரிகிறதா? தோண்டுவது ஒருவர், மண் போடுவது இன்னொருவர், தார் போடுவது வேறொருவர். நடுவில் ஒரு காண்டிராக்டர். ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் வருவார். யாரும் முடிக்கவில்லை. ஆகவே யாரும் வரவில்லை. மண் போட்டாலும், படிப்படியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அள்ளிக் கொட்டிவிட்டுப் போனால் ஒரு மழைக்கே உள்வாங்கிவிடும்.

எங்கள் தெருவில் காலேஜ் படிக்கும் ஒரு தங்கச்சி, 2005-ம் வருஷத்து தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பு ஒட்டி மனு போட்டது. இதுவரை 3 கடிதம் வந்திருக்கிறது. மூன்றிலும், 'இது எங்களைச் சார்ந்தது அல்ல, 6(3)-ம் பிரிவின்படி உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்படுகிறது' என்று ஒரே பாட்டு. முதல் ஆபீஸ் இரண்டாவதுக்கு, இரண்டாவது மூன்றாவதுக்கு, மூன்றாவது திரும்பவும் முதலாவதுக்கு!

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் நாங்கள் கேட்கவில்லை. தோண்டுகிற இடத்தில் ஒரு போர்டு வைக்கட்டும். தோண்டியது யார், என்றைக்கு, மூடப்போவது என்றைக்கு, எந்த நம்பரில் கூப்பிட வேண்டும். நாலு வரி போதும். பள்ளத்துக்கு அதுதான் நம்பர் பிளேட்டு.

சுற்றிலும் தடுப்பு, ராத்திரிக்கு ஒரு சிவப்பு விளக்கு. சொன்ன தேதியில் மூடாவிட்டால் காண்டிராக்டர் பில்லில் பிடித்தம். ஒருவர் விழுந்தால், போலீசார் பள்ளத்தையும் அளந்து, படம் எடுத்து எழுத வேண்டும்.

நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள். 2025 அக்டோபரில் பம்பாய் ஐகோர்ட்டு என்ன சொன்னது? ரோட்டுப் பள்ளத்தாலோ, திறந்து கிடக்கும் சாக்கடைக் குழியாலோ செத்தால் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய், காயம் பட்டால் 50 ஆயிரம் முதல் இரண்டரை லட்சம் ரூபாய் வரை நஷ்டஈடு கொடுக்க உத்தரவு போட்டது. பொறுப்பானவர்களிடம் அந்தப் பணத்தை வசூல் செய்யவும் சொன்னது. அங்கே விழுந்தாலும் எலும்புதான் உடைகிறது. இங்கே விழுந்தாலும் எலும்புதான் உடைகிறது.

என் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறேன். இப்போதெல்லாம் ஸ்டேஷனில் இருந்து யாராவது, "நிலைதடுமாறி விழுந்தார்" என்று சொன்னால், "எதுல விழுந்தார் ஏட்டய்யா?" என்று கேட்கிறேன். பதில் வராவிட்டால் அந்த இடத்துக்கே போய்ப் பார்க்கிறேன். பத்துக்கு ஒன்று லேட்டாகிறது. எடிட்டர் திட்டுகிறார். திட்டட்டும்.

பால்கார அண்ணனே, நீங்கள் நிலைதடுமாறவில்லை. மூடாத பள்ளத்தில்தான் விழுந்தீர்கள். 23-ம் நாளே எழுதியிருக்க வேண்டியதை 63-ம் நாள் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நேற்று ராத்திரி மறுபடி தூறல். இட்லிக்கடை ஆயா பள்ளத்துக்கு இரண்டாவது புடவையைக் கட்டியிருக்கிறது. "சிவப்புல இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி கண்ணு" என்கிறது.

அதுவும் கிழிவதற்குள் சம்பந்தப்பட்ட அதிகாரிகள் கவனிப்பார்களா?