பின்சீட்டுக்கு ஒரு கதவு

ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பிஸ்டன் தேய்ந்துபோனால் பெரிய கவலை இல்லை. 1959-ல் பிரிட்டனில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்து, ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற காரின் தம்பி அது. ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் அதே வழியில் பிறந்ததால், அங்கே இன்றும் அதற்கான பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பணம் கட்டினால் பார்சல் வந்துவிடும். ஆனால் பின்சீட்டுக் கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங் எந்தப் பார்சலிலும் வராது. பிரிட்டிஷ் ஹெரால்டில் பின்சீட்டுக்கென்று தனிக் கதவே கிடையாது. நான்கு கதவு ஹெரால்டை சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்ட் ஆலையில்தான் செய்தார்கள். 1960களின் பிற்பகுதியில், முன்சீட்டை மடக்கிவிட்டு மாமியாரைப் பின்னால் ஏற்ற முடியாத நம் குடும்பங்களுக்காக.

பழைய காரை மீட்டெடுப்பவர்கள் எல்லா நாட்டிலும் இந்த இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். எஞ்சின் ஓடாவிட்டால் கார் நின்றுவிடும் என்பதால் அதன் பாகங்களுக்குச் சந்தை இருந்துகொண்டே இருக்கும். மோனோகிராம், கிரில், வீல் கப், கண்ணாடி விளிம்பு, பீடிங் எல்லாம் இல்லாமலும் கார் ஓடும். ஓடும் என்பதாலேயே அவற்றை யாரும் எடுத்துவைக்கவில்லை. சின்னப் பட்டறைகள் செய்துகொடுத்தன. மாடல் நின்றதும் அச்சு காயலான் கடைக்குப் போனது. காரின் வயதையும் ஊரையும் சொல்லக்கூடியது இந்த அற்பச் சாமான்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

அமெரிக்காவில் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. போருக்குள் நுழைந்த கையோடு, 1942 தொடக்கத்திலிருந்து பம்பரைத் தவிர வேறெதிலும் பளபளப்பு கூடாது என்று அரசு கட்டளையிட்டது. குரோமியமும் நிக்கலும் போருக்குத் தேவைப்பட்டன. ஏற்கெனவே செய்து வைத்திருந்த எவர்சில்வர் பட்டைகள்மீதும் பெயிண்ட் அடித்து மாட்டினார்கள். அந்தப் பிப்ரவரியிலேயே பொதுமக்களுக்கான கார் உற்பத்தி மொத்தமாக நின்றுவிட்டதால், அப்படி மங்கலாக வெளிவந்த கார்கள் மிகக் குறைவு. இன்று ஒருவர் அந்தக் காரைக் கண்டெடுத்து, ஆசையாகக் குரோம் பூசிவிட்டார் என்றால், போரின் தடயத்தை அவரே காசு கொடுத்து அழித்துவிட்டார். கொரியப் போரின்போது நிக்கல் மறுபடியும் தட்டுப்பாடானது. நிக்கலைக் கைவிட்டுத் தாமிரத்தின்மேல் நேராகக் குரோம் பூசி, அதற்குமேல் வார்னிஷ் அடித்து அனுப்பினார்கள். சில வருடங்களில் உரிந்து துருப்பிடித்தது. பஞ்சம் தீர்ந்ததும் எதிர்த்திசையில் ஓடினார்கள். 1958 பியூக் காரின் கிரில்லில் 160 குரோம் சதுரங்கள் இருந்தன. அதைத் துடைக்கவே ஓர் ஆள் வைத்திருப்பார்கள் போல.

வண்டலூர்க் கதையிலும் அரசின் கட்டளைக்கு ஒரு பங்கு உண்டு. 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, முதலில் வேன்கார்டு கார்களை இறக்குமதி உதிரிகளிலிருந்து பூட்டிக் கொடுத்தது. படிப்படியாக இங்கேயே தயாரிக்கத் திட்டம் இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று 1953-ல் மத்திய அரசு முடிவெடுத்தபோது ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. ஸ்டாண்டர்ட் தங்கியது. 1961-ல் ஹெரால்டு வந்தது. வருடாவருடம் உள்ளூர்ப் பாகங்கள் கூடின. பிரிட்டனில், டிரையம்ஃபையும் செய்த ஸ்டாண்டர்ட் கம்பெனியே 1963-ல் ஸ்டாண்டர்ட் என்ற பெயரைக் கார்களிலிருந்து எடுத்துவிட்டது. அங்கே வழக்கொழிந்த பெயர் மெட்ராஸில் 1980கள் வரை உயிரோடு இருந்தது.

இதனால்தான் எனக்கு ஒரு வழக்கம் பிடிப்பதில்லை. வண்டலூர் ஹெரால்டை மீட்டெடுக்கும் சிலர், பிரிட்டனிலிருந்து வரவழைத்த எழுத்துகளை முன்னால் பதித்து அதை டிரையம்ஃப் ஆக்கிவிடுகிறார்கள். பாகம் அங்கேதான் கிடைக்கிறது, அழகாகவும் இருக்கிறது, புரிகிறது. ஆனால் பம்பர் உறையிலிருந்து பெயர்ப்பலகை வரை இப்படி மாறி முடிந்த கார், கோவென்ட்ரியில் செய்த கார் போலவே நிற்கிறது. அங்கே அது பல்லாயிரத்தில் ஒன்று. நம் ஊர்த் தொழிலாளி செய்ததற்கு இருந்த அடையாளம்தான் கழற்றிப்போட்ட பழைய பாகங்களோடு குப்பைக்குப் போகிறது.

இங்கேயே செய்யலாமே என்றால், செய்யலாம், சுலபமில்லை. ஒரு மோனோகிராமை எடுத்துக்கொள்வோம். பழையது துத்தநாகக் கலவையில் அச்சு வார்த்தது. குரோமுக்கு அடியில் உப்புக்காற்று புகுந்து அம்மைத் தழும்புபோலப் பொரிந்திருக்கும். முலாமைக் கழற்றி, ஒவ்வொரு குழியையும் சுரண்டி, ஈயம் வைத்து நிரப்பி, தாமிரம் ஏற்றி, பஃப் அடித்து, குழி தெரிந்தால் திரும்பவும் தாமிரம் ஏற்ற வேண்டும். பிறகு நிக்கல், கடைசியில் குரோம். அந்தக் குரோம் படலம் ஒரு மைக்ரான்கூட வராது. நம் கண்ணுக்கு மின்னுவது பெரும்பாலும் அடியில் இருக்கும் நிக்கலும் பஃப் போட்டவரின் கையும்தான்.

தழும்பு மீறிப்போனால் புதிதாக வார்க்க வேண்டும். பழையதை ரப்பர் அச்செடுத்து, மெழுகில் பிரதி எடுத்து, பித்தளையில் வார்ப்பார்கள். இங்கேதான் புதிய ஆள் ஏமாறுவார். பித்தளை ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றரை பங்கு சுருங்கும். 200 மில்லிமீட்டர் எழுத்து 197-ஆக வெளியே வரும். பார்க்க அச்சு அசல். மாட்டப்போனால் பின்பக்க ஊசிகள் பானெட்டின் துளையில் இறங்காது. துளையைப் பெரிதாக்கு என்பார் டிங்கர். அப்படிப் பெரிதாக்கிய பானெட்டில் நாளைக்கு அசல் மோனோகிராம் கிடைத்தாலும் உட்காராது. மூல வடிவத்தையே சுருக்கத்துக்கு ஏற்றபடி பெரிதாகச் செய்வதுதான் சரியான வழி. இப்போது ஸ்கேன் செய்து கணினியில் பெரிதாக்கி முப்பரிமாண அச்சில் எடுக்க முடிவதால் அந்த வேலை முன்னளவுக்குக் கடினமில்லை.

இப்படிச் செய்ததை அசல் என்று விற்பதுதான் ஆபத்து. பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா ஏற்ற டூரின் சாசனம், மாற்றிய பாகங்களில் அழியாத குறியிடச் சொல்கிறது. நம் நாட்டு விதி இவ்வளவு தூரம் வரவில்லை. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வயது கடந்த சொந்த வண்டிக்கு ‘விஏ’ வரிசையில் எண் கிடைக்கும். அசல் உருவம் கெடாமல், சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். கிரில்லையும் மோனோகிராமையும் அதில் தனியாகச் சொல்லவில்லை. அரசு அதற்கும் ஒரு படிவம் போட வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். இருக்கும் படிவங்கள் போதும்.

செய்பவர்களே செய்துகொள்ளலாம். வார்ப்பின் பின்பக்கம் ஆண்டையும் பட்டறையின் முதலெழுத்தையும் பொறிக்கக் கூடுதல் செலவு ஒன்றுமில்லை. முன்னால் தெரியவும் போவதில்லை. காரோடு வந்த உடைந்த துண்டை, எவ்வளவு கேவலமாக இருந்தாலும், எறியாமல் பெயர் எழுதி டிக்கியில் போட்டுவைக்கலாம். அடுத்து மீட்டெடுப்பவருக்கு அளவு சொல்ல அது ஒன்றுதான் இருக்கும்.

பீடிங்குக்கு வேறு கணக்கு. ரப்பரைப் பிதுக்கி எடுக்கும் டை அப்படியொன்றும் விலை இல்லை. ஆனால் இருநூறு முந்நூறு மீட்டராவது ஓட்டாமல் எந்தக் கம்பெனியும் மிஷினைப் போடாது. ஒரு காருக்கு வேண்டியதோ சில மீட்டர்தான். நான்கு கதவு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால்தான் காரியம் நடக்கும். கொடுக்கும்போது டை யாருடைய சொத்து, கம்பெனியை மூடினால் அது யார் கைக்குப் போகும் என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.