ரெக்கார்டர் வாங்கப் போகிற தோழர்களுக்கு

'நல்ல ரெக்கார்டர் இல்லாம என்னத்த பதிவு பண்றது தோழர்? ஃபண்டு வரட்டும், பாக்கலாம்.' தாம்பரம், பல்லாவரம் பக்கத்து மாணவத் தோழர்களிடம் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. இன்னொரு கோஷ்டி இருக்கிறது: 'கையில போன் இருக்குல்ல, ஆன் பண்ணி வச்சா தானா பதிவாகும்.' முன்னது சோம்பேறித்தனத்துக்கு மாட்டிய முகமூடி. பின்னது அலட்சியம். இரண்டுக்கும் நடுவில் நம் சேரிகளின் கிழவர்களும் கிழவிகளும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். போகிறவர்கள் வாயில்தான் நம் ஆவணக் காப்பகம் இருக்கிறது.

வங்கியில் வேலை பார்க்கிறவன் என்பதால் ஒன்று தெரியும். பத்திரம் இருந்தால் அதன் பேரில் கோடிக் கணக்கில் கடன் நகரும். 'எங்க பாட்டன் உழுத நெலம் சார்' என்ற சொல்லுக்கு அஞ்சு பைசா பெயராது. காகிதம் யார் கையில் இருந்ததோ அவர்கள் கையிலேயே நிலமும் வரலாறும் போய்ச் சேர்ந்தன. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையை ஒட்டி 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்கள் பட்டியல் சாதியல்லாதார் கைக்கு எப்படிப் போயின என்பதற்குப் பதிவேட்டில் பதில் இருக்காது. 1980களில் நடந்த நிலப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தோடு 'பஞ்சமி' என்ற குறிப்பே காணாமல் போனது என்கிற புகார் ஊருக்கு ஊர் கேட்கிறது. எந்தப் பனைமரம் எல்லை, எந்த வருசம் யார் வேலி போட்டான், கடனுக்கு ஈடாக யார் கைநாட்டு வாங்கினான் என்பதெல்லாம் வாய்ச்சொல்லில் மட்டுமே மிச்சம். அந்த நிலத்துக்காகத்தான் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் காரணை போராட்டத்தின் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அன்றைக்கு முப்பது வயதில் அங்கே நின்றவருக்கு இன்றைக்கு அறுபது தாண்டிவிட்டது. ஃபண்டு வரும்வரை அவர் காத்திருப்பாரா?

குரோம்பேட்டை என்கிற பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. கம்பெனியின் பெயர் பஸ் போர்டில் நிலைத்துவிட்டது. சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் வெந்து தோல் பதனிட்டவர்களின் பெயர் எங்கே? ஊர்ப் பெயர்க் காரணம் எழுதும் ஆய்வாளருக்கு அது தேவைப்படாத தகவல்.

சரி, கருவிக்கு வருவோம். இதையும் அரசியலாகவே பேச வேண்டும். கடைக்காரன் பேசுகிற மாதிரி பேச முடியாது.

போன் கெட்டதல்ல. ஆனால் போனில் உங்கள் குரலும் என் குரலும் மட்டுமா இருக்கிறது? தோழர்களின் எண்கள், கூட்டம் நடக்கும் இடம், வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் இருக்கின்றன. வன்கொடுமை நடந்த ஊரில் பேட்டி எடுத்துவிட்டு வரும்போது போலீஸ் போனைப் பிடுங்கினால், ஒரு சாட்சியின் வாக்குமூலத்தோடு மொத்த இயக்கத்தையும் தட்டில் வைத்துக் கொடுத்த கதைதான். அது போக, நீங்கள் கேட்காமலேயே போன் தன் கோப்புகளை எவனோ ஒரு கம்பெனியின் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். மெமரி கார்டைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்ளக்கூடிய தனி ரெக்கார்டர் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். ஒலித்தரம் இரண்டாவது காரணம். ஜூம், டாஸ்கம், சோனி மூன்றிலும் பென்சில் பேட்டரியில் ஓடுகிற சின்ன மாடல்கள் உண்டு. கரண்ட் போனாலும் பெட்டிக்கடையில் பேட்டரி வாங்கிப் போட்டுத் தொடரலாம். நாலு பேர் காசு போட்டு ஒன்று வாங்கி மாறி மாறிப் பயன்படுத்துங்கள். ரிச்சி தெருவில் பழையது கிடைத்தாலும் சரி, பதிந்து கேட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

அதற்கும் வழியில்லையா? போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, சட்டையில் குத்துகிற காலர் மைக் ஒன்றை மாட்டுங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. விலையுயர்ந்த ரெக்கார்டரை ஆறடி தள்ளி வைப்பதைவிட, மலிவு மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைப்பது மேல். நம்ம ஏரியாவின் சத்தம் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். அனகாபுத்தூர், பொழிச்சலூர் தலைக்கு மேலே விமானம். தாம்பரத்தில் விமானப்படைப் பயிற்சி. இந்தப் பக்கம் மின்சார ரயில், அந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு. பெரும்பாக்கம், கண்ணகி நகர் அடுக்கு வீடுகளில் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் சுவரில் மோதித் திரும்பி வரும். தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, கதவில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டால் பாதி எதிரொலி அடங்கிவிடும். ஃபேனை நிறுத்துங்கள். வேர்க்கும், வேர்க்கட்டும். விமானம் போனால் கையைக் காட்டி நிறுத்தி, போன பிறகு மறுபடி சொல்லச் சொல்லலாம். அதற்கு ஹெட்போன் மாட்டியிருக்க வேண்டும். ஹெட்போன் இல்லாமல் பேட்டி எடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுப்பது மாதிரி.

இப்போது ஒரு வேடிக்கை. போனிலும் புதிய ரெக்கார்டர்களிலும் 'இரைச்சல் நீக்கம்' என்றொரு வசதி இருக்கிறது. நேர்த்தியான பேச்சு மட்டும் வேண்டும், மற்றதெல்லாம் அதற்கு இரைச்சல். ஒப்பாரியை அமுக்கும். பறையைத் தேய்க்கும். கருவிக்கும் கலாச்சாரம் கற்றுக் கொடுத்திருக்கிறான்! இன்னொன்று, சத்தம் வந்தால் மட்டும் ஓடி, அமைதியானால் நின்றுகொள்ளும் 'குரல் தூண்டல்' பட்டன். நம் சனங்களின் வாக்குமூலத்தில் மௌனம்தான் பாதி. எரிந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வந்தவர் நாற்பது விநாடி பேசாமல் இருந்தார் என்றால் அந்த நாற்பது விநாடியும் சாட்சியம். அதை வெட்டுகிற பட்டனை அணைத்து வைப்பதே முதல் வேலை. தானியங்கி ஒலி அளவையும் நம்பாதீர்கள். அவர் மௌனமானதும் அது தெருச் சத்தத்தை ஏற்றிக் கொடுக்கும். கையால் வைத்துக்கொள்ளுங்கள், உச்சம் மைனஸ் 12 டெசிபெல் ஒட்டி இருக்கட்டும்.

எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகவே பதியுங்கள். 'இடம் அடைக்கும்' என்பது பழைய பயம். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் மணிக்கு 320 எம்பிக்குள்தான். 32 ஜிபி கார்டில் சுமார் நூறு மணி நேரம் அடங்கும். ஒரு சேரியின் மொத்தக் கதையும் ஒரு விரல் நகத்தளவு சில்லில்! வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் சுருங்கிப்போகும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் ஆவணமாக அனுப்புங்கள்.

இந்தக் கறார் எதற்கு? வெண்மணி நினைவிருக்கட்டும். 1968 டிசம்பர் 25, 44 உயிர்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாமே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லையாம். நம் வாய்ச்சொல் அவ்வளவுதான் பெறும். பிழைத்தவர்களின் குரலைப் பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை'யில் பதிந்தபோது வருசம் 2005. முப்பத்தேழு வருசம்!

பதிவு இருந்தால் மட்டும் கோர்ட்டு தலைவணங்கிவிடும் என்று ஏமாற வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. கருவியின் மாடல், சீரியல் நம்பர், கோப்பின் ஹேஷ் மதிப்பு எல்லாம் அதில் வர வேண்டும். ஆகவே வாங்கிய பில்லைக் கிழித்துப் போடாதீர்கள். அசல் கோப்பை வெட்டாதீர்கள், பெயர்கூட மாற்றாதீர்கள். வெட்டி ஒட்டுவதெல்லாம் பிரதியில். அன்றைக்கே ஹேஷ் எடுத்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில், நம்பிக்கையான கையில். பேசியவர் 'இதை வெளியே விடாதே' என்று சொன்னால் அந்தச் சொல்லும் பதிவின் பகுதி. அதை மீறுகிறவன் தோழன் இல்லை.

நம் தோழர்கள் வீட்டுப் பரண்களில் 90களின் கேசட்டுகள் தூங்குகின்றன. கூட்டப் பேச்சு, பாட்டு, பேட்டி. சி-120 வாங்கியவர்கள் சிக்கனம் என்று நினைத்தார்கள், அதன் நாடா மெல்லிசு, சீக்கிரம் சிக்கும். நம் கடற்கரை ஈரத்தில் பூஞ்சை வேறு. பின்பக்கத் தாழ் உடைக்காமல் இருந்தால் முதலில் அதை உடையுங்கள், மேலே எதுவும் பதியாது. ஓடுகிற டெக் ஒன்றைத் தேடி, ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, லைன் வழியே ரெக்கார்டருக்கு இழுத்துவிடுங்கள். புதிதாகப் பேட்டி எடுப்பதைவிட இது அவசரம்.

கடைசியாக, பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களிடம் ஒரு கணக்கு கேட்க வேண்டியிருக்கிறது. விலையுயர்ந்த கருவிகளோடு எத்தனை வருசமாக எங்கள் சேரிக்குள் வந்து போகிறீர்கள்? எங்கள் ஆத்தாமார் உங்களுக்குத் 'தகவலாளி எண் 14'. அவர்களின் பேச்சைத் திருத்தி, மூக்கைச் சிந்தித் துடைத்து, ஆங்கிலத்தில் அச்சேற்றிப் பட்டம் வாங்கியாயிற்று. வாழ்த்துகள். அந்த ஒலிநாடாக்கள் எந்தத் துறையின் எந்த அலமாரியில் இருக்கின்றன? ஊர் வாரியாக, பேசியவர் வாரியாகப் பட்டியல் போட்டு வெளியிடுங்கள். பேசியவரின் வீட்டுக்கு ஆளுக்கொரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் போயிருந்தால், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.