இருமத் தெரியாத பிராணி

ஆமை வளர்க்கும் வீடுகளில் நாம் எல்லோரும் சொல்லிக்கொள்ளும் பெருமை ஒன்று உண்டு: "இதால ஒரு தொந்தரவும் கிடையாது சார்." குரைக்காது, சோபாவைக் கிழிக்காது, ரெண்டு நாள் ஊருக்குப் போனால்கூட யாரிடமும் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. அது சத்தம் போடாமல் கிடந்ததை நாம் சௌக்கியம் என்று எடுத்துக்கொண்டோம். நம் வீடுகளில் நட்சத்திர ஆமைகள் நெஞ்சுச் சளி முற்றிச் செத்துப்போனதற்கு இதுதான் முதல் காரணம்.

ஆமையால் நம்மைப் போல இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது. அதன் நுரையீரல் முதுகு ஓட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. விலா எலும்புகள் ஓட்டோடு சேர்ந்துவிட்டதால் நெஞ்சு விரிந்து சுருங்க வழியில்லை. நமக்கு இருக்கும் உதரவிதானமும் அதற்கு இல்லை. உடலுக்குள் இருக்கும் தசைகளையும் கால்களின் அசைவையும் வைத்துத்தான் மூச்சை இழுத்து விடுகிறது. உள்ளே கோழை கட்டினால் கட்டினதுதான்.

அடையாளங்கள் இல்லாமல் இல்லை. மூக்குத் துளையில் சின்னக் குமிழ் ஒன்று எழும். மூச்சை இழுக்கும்போது அடங்கி, விடும்போது மறுபடி எழும். ஒழுகும் மூக்கை முன்னங்காலில் தேய்த்துத் தேய்த்து, அந்தச் செதில்களில் காய்ந்த கறை படிந்திருக்கும். கண் வீங்கும், கீரையை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். கடைசியில் கழுத்தை முழுக்க நீட்டி, வாயைத் திறந்து மூச்சு விடும். "பாருங்க, கொட்டாவி விடுது" என்று அதை நாம் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டோம். முன்னங்காலை ஒருநாளாவது உற்றுப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நோயை அதற்கு வரவழைத்ததும் நாம்தான். முள்புதரும் புல்லும் உள்ள வறண்ட காட்டில் வெயில் காய்ந்து வாழும் பிராணி அது. உடம்புக்கு வேண்டிய சூட்டை வெளியிலிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். சூடு குறைந்தால் செரிமானமும் மந்தம், நோயை எதிர்க்கும் சக்தியும் மந்தம். அதை நாம் ஏசி ஓடும் ஹாலின் டைல்ஸ் தரையில் விட்டோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளியலறை ஈரத்தில் பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்தோம். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சமே போதும் என்று நினைத்தோம். அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிரை அந்தக் கண்ணாடி தடுத்துவிடும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. புல்லும் இலையும் தின்பதற்குச் சோறு, ரொட்டி, வெள்ளரிக்காய் என்று கையில் கிடைத்ததைப் போட்டோம். பலவீனப்பட்ட உடம்பில் கிருமி புகுவது பெரிய காரியமில்லை.

மூக்கு ஒழுகத் தொடங்கிய பிறகாவது விழித்தோமா? குழந்தைக்கு வாங்கிய இருமல் சிரப்பில் மீந்ததை வாயைப் பிளந்து ஊற்றினோம். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும் என்று யோசிக்கவில்லை. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, மூக்கு நீரைப் பரிசோதித்து, பொருத்தமான ஆன்டிபயாடிக்கை ஊசியாகப் போட வேண்டிய நோய் இது. வாரக்கணக்கில் மருந்து தேவைப்படும். கூடவே ஏறக்குறைய 30 டிகிரி சூட்டில் வைத்து, வெதுவெதுப்பான ஆழமில்லாத தண்ணீரில் உட்கார வைத்து நீர்ச்சத்தையும் காப்பாற்ற வேண்டும். உடம்பில் சூடு இல்லாவிட்டால் மருந்தும் சரியாக வேலை செய்யாது.

மருத்துவரிடம் நாம் போகாததற்குக் காரணம் செலவு மட்டும் இல்லை, பயமும்தான். "இது எங்கே கிடைத்தது?" என்று கேட்டால் என்ன சொல்வது? நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும் விற்பதும் வாங்கி வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022 திருத்தம் அதை முதல் அட்டவணையில் சேர்த்தது. தண்டனை குறைந்தது 3 ஆண்டு, 7 ஆண்டு வரை சிறை. நாடு விட்டு நாடு விற்பதற்கு 2019-இல் சர்வதேச அளவிலும் தடை வந்துவிட்டது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று கேட்டு வளர்ந்த நாமே, ஆமை இருந்தால் காசு வரும் என்று எவரோ சொன்னதை நம்பி வாங்கினோம். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் அடைத்த ஆமைகள் பிடிபட்ட செய்தியைப் படித்து 'அடப் பாவமே' என்று சொன்னவர்களும் நாமே. நம் வீட்டு ஆமையும் அப்படி ஒரு மூட்டையில்தான் காட்டை விட்டு வந்திருக்கும் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை. நாம் செய்த குற்றத்துக்கு அது சிகிச்சை இல்லாமல் கிடந்தது.

இன்னொரு தப்பும் நடக்கிறது. பயம் அதிகமானால் இரவோடு இரவாக ஏதாவது ஒரு புதரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, 'விடுதலை கொடுத்தோம்' என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். அமெரிக்காவின் மொஹாவி பாலைவன ஆமைகளை மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் சுவாச நோய் வாட்டியது. 1990-இல் அந்நாட்டு அரசு அவற்றை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தபோது, சொல்லப்பட்ட காரணங்களில் இந்த நோயும் ஒன்று. வீட்டில் வளர்ந்த நோயாளி ஆமைகளைப் பாலைவனத்தில் விட்டதால் அது பரவியிருக்கலாம் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் சந்தேகித்தார்கள். நம் ஊர்ப் புதர்க்காட்டில் மிஞ்சியிருக்கும் ஆமைகளுக்கும் அந்தக் கதி வர வேண்டாம்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். வீட்டில் ஆமை இருந்தால் இன்றைக்கே அதன் மூக்கையும் முன்னங்காலையும் பாருங்கள். ஈரமோ குமிழோ தெரிந்தால் ஏசியை அணைத்து, உலர்ந்த, கதகதப்பான இடத்துக்கு மாற்றி, ஊர்வன பற்றித் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அது நட்சத்திர ஆமையாக இருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள், புதரில் விடாதீர்கள். இன்னும் வாங்காதவர்கள் வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும்வரை பிடிப்பவன் நிறுத்த மாட்டான்.