அபிமானமும் துவேஷமும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் வழியிலுள்ள செம்மங்குப்பம் போன்ற கிராமங்களிலும், ஐ.பி.எல். பிளே-ஆஃப் ஆட்டங்கள் நடைபெறும் இரவுகளில், மஞ்சள் சட்டையணிந்த இளைஞர்கள் மும்பை அணியை ஜன்மவிரோதியாகப் பாவித்து ஆரவாரிப்பதைக் காணும்போது, விளையாட்டு என்பது ஒரு ஜனசமூகம் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் கண்ணாடி என்ற எண்ணம் எழுகிறது.

1955 மார்ச் 17 அன்று, கனடாவின் மாண்ட்ரியால் நகரில், தங்கள் ஐஸ் ஹாக்கி வீரர் மொரீஸ் ரிஷாருக்கு விதிக்கப்பட்ட தடையைத் தங்கள் பிரெஞ்சு பாஷைக்கும் இனத்துக்கும் நேர்ந்த அவமானமாகவே கருதிய ஜனங்கள் வீதிகளில் கொந்தளித்தார்கள். 2018 ஏப்ரலில், காவிரிக்காகப் பொங்கிய தமிழகத்தின் கோபம் சேப்பாக்கத்து ஆட்டங்களைப் புனேவுக்குப் பெயர்த்தது.

ஆயினும், ராஞ்சியில் பிறந்த தோனியைத் 'தல' என்று சுவீகரித்துக்கொண்டதும், 1999 ஜனவரியில் இந்தியாவை 12 ரன் வித்தியாசத்தில் வென்ற பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கரகோஷம் செய்ததும் இதே சேப்பாக்கந்தான். சுய அபிமானம் பிறர்மீது துவேஷமாக முற்ற வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சாட்சி வேறெது? எதிரணியின் திறமையையும் கொண்டாடும் அந்தப் பெருந்தன்மையையே நம் பிள்ளைகள் பிதிரார்ஜிதமாகப் பெற வேண்டுமென்பது என் பிரார்த்தனை.