கோட்டைப் பிடித்து இறங்குவது இறங்குவதல்ல



உங்களில் சிலர் கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டி, துபாயிலும் சிங்கப்பூரிலும் பெரிய விமானத்தை இறக்கிய வீடியோக்களை அனுப்புகிறீர்கள். பார்க்கிறேன். திரையில் கோடு வழிகாட்டுகிறது, ஆட்டோபைலட் ஓட்டுகிறது, காற்றை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இதில் நீங்கள் செய்தது என்ன? கைடைப் பார்த்து எழுதிய விடைத்தாளுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. இதற்கும் போடமாட்டேன்.

இறங்கத் தெரியுமா என்று பார்க்க வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் உள்நிலத்துக்குப் போங்கள். அவுட்பேக் என்பார்கள். சிம்சன் பாலைவன ஓரத்திலுள்ள பேர்ட்ஸ்வில், அல்லது ஏதாவதொரு மாட்டுப் பண்ணையின் மண் ஓடுதளம். அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை. இறங்கலாம் என்று சொல்ல ஆளில்லை. மேலே ஒரு சுற்று பறந்து, காற்றுப்பை எந்தப் பக்கம் சாய்கிறது, ஓடுதளத்தில் மாடோ கங்காருவோ நிற்கிறதா என்று நீங்களே பார்த்து நீங்களே முடிவெடுக்க வேண்டும்.

கண்ணும் ஏமாற்றும். அகலமான ஓடுதளத்துக்குப் பழகியவர், குறுகிய ஓடுதளத்தைப் பார்த்ததும் தாம் அதிக உயரத்தில் இருப்பதாக நினைத்து, தேவைக்கு மேல் தாழ இறங்கிவிடுவார். வெயிலும் சும்மா விடாது. கடல் மட்டத்தை ஒட்டிய இடத்தில் 40 டிகிரி அடித்தால், காற்றின் அடர்த்தி குறைந்து, ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் பறப்பதுபோல விமானம் நடந்துகொள்ளும். வேகமானி காட்டுவது அதே வேகம்தான். தரையில் உண்மையான வேகம் கூடும், ஓடும் தூரம் நீளும். ஐர் ஏரியின் படுகையோ கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே. அங்கே தாழப் பறந்தால் உயரமானி பூஜ்யத்துக்கும் கீழே போகும். குறை எண் எதற்கு சார் என்று வகுப்பில் கேட்டவர்களுக்கு இதோ விடை.

"விளையாட்டுதானே சார், எதற்கு இவ்வளவு கண்டிப்பு?" என்பீர்கள். விளையாட்டுதான். தவறினால் உயிர் போகாது. தவறிப் பழக இதைவிடப் பத்திரமான இடம் ஏது? அப்படிப்பட்ட இடத்தில், தவறே வராதபடி எல்லா உதவியையும் போட்டுக்கொண்டு உட்காருவதைத்தான் கண்டிக்கிறேன்.

1928 மே 17 அன்று, குயின்ஸ்லாந்தின் கிளான்கரியிலிருந்து ஜூலியா கிரீக்குக்கு ஒரு மருத்துவரை ஏற்றிக்கொண்டு சிறிய விமானமொன்று கிளம்பியது. பாதிரியார் ஜான் ஃபிளின் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவையின் முதல் பயணம் அது. விமானத்தில் வானொலிகூடக் கிடையாது. அந்தச் சேவையின் விமானங்கள் இன்றும் பண்ணை ஓடுதளங்களில் இறங்குகின்றன. விளக்கில்லாத இடங்களில், டாய்லெட் பேப்பர் உருளைகளை டீசலில் நனைத்து, தகர டப்பாக்களில் வைத்துக் கொளுத்தி, இரவில் ஓடுதளத்தை அடையாளம் காட்டியதும் உண்டு. அங்கே நோயாளி பிழைப்பது விமானியின் கணிப்பையும் பொறுத்தது. அந்தக் கணிப்பு, கோட்டைப் பிடித்துப் போனவருக்கு வராது.

ஆகவே இந்த வார வீட்டுப்பாடம்: வழிகாட்டும் கோட்டை அணையுங்கள். பக்கக் காற்றைத் திறந்துவிடுங்கள். சின்ன விமானத்தை எடுத்துக்கொண்டு பேர்ட்ஸ்வில்லில் இறங்குங்கள். முதல் மூன்று முறை தவறினால் அந்த வீடியோக்களையும் அனுப்புங்கள். மதிப்பெண் அவற்றுக்கும் உண்டு.